நாற்காலியில் உட்காரும் பாடம்

வாத்தியார் வேலையில் கணக்கு, ஆங்கிலமெல்லாம் எப்படியோ பிள்ளைகள் தலையில் ஏறிவிடும். அவர்களை நாற்காலியில் உட்கார வைக்கிற பாடம் இருக்கிறதே, அதில் மாட்டிய சக வாத்தியார்களே, வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

துரை நான்தான்

அட்டன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. முடிக்கிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரை உத்தியோக நேர்முகத்துக்குப் பழக்கும்படி பெரிய மாஸ்டர் என் தலையில் கட்டினார். சனிக்கிழமைதோறும் வகுப்பு. அதில் சிவனுவுக்குத்தான் அவசரம். அவன் தோட்டத்து ஆபீசிலேயே சின்னக் கிளாக்கர் வேலை காலி. கிடைத்தால் பேனா, கிடைக்காவிட்டால் மறுநாளே காலைப் பெரட்டில் கூலி வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டுச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்க வேண்டியதுதான்.

நான் தொப்பி போட்டுத் தோட்டத்தை ஆளுகிற துரையாக உட்கார்ந்தேன். சிவனு செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து கைகட்டி நின்றான். "உட்காருப்பா" என்றேன். ம்ஹூம்! தோட்டத்தில் துரை முன்னால் யார் உட்கார்ந்தார்கள்? "பயப்படாதே, கால் தானா மடங்கும்" என்று எழுந்துபோய்த் தோளைப் பிடித்து அமுக்கினேன். கம்பமாக நின்றான்.

"நீங்க உக்காருங்க சேர், நான் நின்னுக்கிட்டே எல்லா வேலையும் பார்த்துருவேன்."

நானாவின் கோட்

கோட் இல்லாமல் நேர்முகமா? துணிக்கடை நானா தன் கல்யாணத்துக்குத் தைத்ததையே எடுத்துக் கொடுத்தார். நானா நல்ல பருத்த ஆள். சிவனு அதை மாட்டியதும் கை இரண்டையும் காணோம். "பெரிசா இருக்கே நானா" என்றேன். மனுஷன் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோட் அளவுதான் மாஸ்டர், புள்ளதான் சின்னன். வேலை கிடைச்சி ரெண்டு மாசம் நல்லா திண்டா சரியா வரும்."

அப்பாவின் ஆலோசனை

சிவனு வீட்டிலும் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பழகியிருக்கிறான். அதைப் பார்த்த அவன் அப்பா வேர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடி வந்தார். துரை முன்னால் மகன் உட்கார்ந்தால் குடும்பத்துக்கே பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. உட்காரச் சொல்லப்போவதே துரைதான் என்று அரைமணி நேரம் விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனவர், திரும்பி வந்து காதோடு சொன்னார்:

"சரிங்க வாத்தியாரே, உக்காரட்டும். ஆனா தொரை அந்தப் பக்கம் பார்க்கிறப்ப உக்காரச் சொல்லுங்க."

அந்த நாள்

நேர்முகத்துக்குச் சிவனு உள்ளே போனான். நான் ஆபீஸ் வாசலில் அடைமழையில் குடையோடு நின்றேன். உட்கார்ந்தானா, இல்லையா என்று தெரியாமல் உயிர் போனது. திடீரென்று கதவு திறந்தது. துரையே எட்டிப் பார்த்து என்னை உள்ளே கூப்பிட்டார்.

அவ்வளவுதான், நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த உடம்பாச்சே! கொட்டுகிற மழையில் படக்கென்று குடையை மடக்கினேன். செருப்பு தானாகக் கழன்றது. தொப்பலாக நனைந்து உள்ளே போய்க் கைகட்டி நின்றேன். துரை ஒரு நாற்காலியைக் காட்டினார். எனக்கு முட்டி மடங்கவில்லை. பக்கத்தில் பார்க்கிறேன், சிவனு கோட்டுக்குள் சட்டமாக உட்கார்ந்திருக்கிறான்! துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னான்:

"உக்காருங்க சேர், பயப்படாதீங்க, கால் தானா மடங்கும்."

சிவனு அந்த ஆபீசிலேயே கிளாக்கராகிவிட்டான், நானாவின் கோட்டும் அவனுக்கு அளவாகிவிட்டது. அந்த வகுப்பில் இன்னும் தேறாமல் நிற்கிறவன் நான் ஒருவன்தான்.