சுப்ராயன் மேஸ்திரியின் சிறுநீர் விளைச்சல்

மரக்காணம் உப்பள மேஸ்திரி சுப்ராயனுக்கு ஐம்பது வயதில் திடீரென்று பணக்காரக் களை வந்தது. முகம் பூரியாக உப்பியது. வயிறு அவருக்கு முன்னால் நடந்தது. "மச்சான், எந்த ஓட்டல்ல சாப்புடற?" என்று சகாக்கள் பொறாமைப்பட்டார்கள். பாத்தியில் குந்தினால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

மனைவி விஜயலட்சுமி ஏமாறவில்லை. புருஷனின் தொடை குச்சியாவதையும், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போவதையும் பார்த்துப் புதுச்சேரி டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் அதிகமா சுரக்குதோன்னு சந்தேகம். உறுதியாச்சுன்னா வைத்தியம் இருக்கு. விட்டா எலும்பு நொறுங்கிடும்," என்றார் டாக்டர்.

லேபில் கூனிமேட்டுப் பெண் சனோபர் பெரிய கேன் ஒன்றைக் கொடுத்தாள். "காலையில மொத தடவ போற யூரின கொட்டிடுங்கண்ணே. அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டு விடாம புடிச்சு, ஃபிரிட்ஜில வெச்சு எடுத்தாங்க."

முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டுமென்று அவருக்குத் தெரியாதா? சீசன் தொடங்கும்போது கலங்கல் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் பாத்தியே கட்டுகிறவர் மேஸ்திரி. இந்தத் தொழிலில் அவருக்கு யார் பாடம் எடுப்பது? பிடித்ததையெல்லாம் மாடியில் அகலத் தட்டில் ஊற்றி, சித்திரை வெயிலில் உப்பைப்போல் காயவைத்து, இடுப்பில் கைவைத்துக் காவல் நின்றார். தெரு மூக்கைப் பொத்தியது, மேஸ்திரி பொத்தவில்லை.

லேபில் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"என்னண்ணே இது?"

"சரக்கும்மா. தண்ணிய நானே எடுத்துட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்."

"யா அல்லா! மொத்தம் எவ்ளோ யூரின்னு அளந்தாத்தான் கணக்கே வரும்ணே. வெயில்ல காஞ்ச ஹார்மோன நம்பவும் முடியாது. திரும்ப புடிங்க."

"ஏம்மா, இன்னும் பொடியா வேணுமா?"

"யோவ், வாய மூடுய்யா," என்று விஜயலட்சுமி புதுக் கேனை வாங்கினாள்.

இம்முறை கேன் ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வீற்றிருந்தது. மாவை யாரும் தொடவில்லை. அது தன்பாட்டுக்குப் புளித்தது.

முடிவு வந்தது. கார்ட்டிசால் இருக்க வேண்டியதைப்போல் நான்கு மடங்கு.

மேஸ்திரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "டாக்டர், இந்த ஜில்லாவுல வேற யாருக்காச்சும் இவ்ளோ வெளஞ்சிருக்குதுங்களா?"

"இன்னும் ரெண்டு டெஸ்ட் பாத்துட்டு, எங்கேர்ந்து சுரக்குதுன்னு ஸ்கேன்ல தேடணும். ஆபரேஷன் தேவைப்படலாம். அப்புறம் முகம் பழையபடி வத்திடும்."

மேஸ்திரி கண்ணாடிக் கதவில் தம் பௌர்ணமி முகத்தைப் பார்த்தார். "அப்ப அந்தப் பழைய மூஞ்சிதானா?"

"அந்த மூஞ்சிக்குத்தான் நான் கழுத்த நீட்டுனேன்," என்றாள் விஜயலட்சுமி. "எழுந்து நடய்யா."