நாலு மணிக்குப் போகும் வேலை

சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தஞ்சோங் பகாரிலிருந்து தேக்கா சந்தையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ரயிலில் போயிருக்கலாம். உட்கார மனமில்லை.

அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தில் தரை துடைத்தேன். தரை தேய்க்கும் மிசினை ஆண்களிடம்தான் கொடுப்பார்கள். அதை ஓட்டிய எனக்குக் கூடுதல் படி உண்டு, வேலை ஏழு மணி வரை. பதினோரு வருடமாக அங்கே துப்புரவு வேலை பார்த்த, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு மாப்பும் வாளியும்தான். மிசின் பழுதாகிக் கிடந்த வாரங்களில் நானும் மாப்புதான் பிடித்தேன். படி எனக்கு மட்டும் வந்தது.

“இது நியாயமாக்கா?”

“எனக்கென்ன குறைச்சல்? நாலு மணிக்கு விடுறாங்கல்ல. சும்மா இருலா தம்பி.”

நான் சும்மா இருக்கவில்லை. உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன், பல வேலை பார்த்தவன். நியாயம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சூப்பர்வைசரிடம் போய், மிசினை அக்காவுக்குக் கொடுங்கள் என்றேன். அவர் மறுக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் எங்கள் இருவரையும் இடம் மாற்றிப் போட்டார். அக்காவுக்கு மிசின், படி, கூடவே ஏழு மணி வரை வேலை. எனக்கு மாப்பு, நாலு மணிக்கு வீடு.

அக்காவின் மகளுக்குப் பேச வராது. சிறப்புப் பள்ளியின் பேருந்து ஐந்தேகாலுக்கு உட்லண்ட்ஸில் அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்கும். பெரியவர் யாராவது வந்தால்தான் பிள்ளையை இறக்கிவிடுவார்கள். அக்காவை விட்டால் ஆளில்லை.

“ஒன்னய யாரு வக்கீலா வச்சது?” என்று அக்கா மாப்பை என் கையில் திணித்தார்.

மறுபடி சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

“பழையபடி மாத்துங்க சார்.”

“வெளையாட்டா லா? மேல அனுப்பியாச்சு. நாலு மணிக்குப் போற எடம் ஒண்ணுதான், அதுல நீ இருக்க. காலியானா அவங்களப் போடலாம்.”

“காலியாயிருச்சு” என்றேன்.

என் வேலை நிரந்தரமாகாததால், விலகுகிறேன் என்றதும் அன்றே விட்டார்கள். என் கண்முன்னே சூப்பர்வைசர் அக்கா பெயரை அந்த இடத்தில் போட்டார். மிசினுக்கு இன்னொரு ஆண் வருவான், படி அவனுக்கு. அக்காவுக்குக் கிடைக்க வேண்டியதை வாங்கிக் கொடுத்தேனா, பறித்தேனா? நாலு மணிக்கு வீட்டுக்குப் போக ஒருவர் இவ்வளவு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா? அவரே சரி என்கிறபோது நான் யார்? தேக்கா வரை நடந்தும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை கேட்டேன்.

“மூட்டை எறக்க ஒராள் வேணும், கீரை ஆய ஒராள் வேணும்” என்றார் கடைக்காரர்.

“எதுக்குச் சம்பளம் கூடுதல், பாய்?”

“மூட்டைக்கித்தான். ஆம்பளதான நீ, இதென்ன கேள்வி?”

உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.