ஏழாம் பாடலைத் தேடி நீலசந்திராவுக்கும் பொம்மசந்திராவுக்கும்

18 மார்ச் 2007, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40
பயணக் குறிப்பு எண் 23: காட்பாடி – பெங்களூரு – காட்பாடி (ஒரே நாளில்)

1998இல் நான் தொகுத்து அச்சிட்ட பாலி மொழி வழிபாட்டுக் கையேட்டில், காப்புச் சூத்திரம் ஒன்றில் பதினோரு பாடல்களே இருப்பதாகச் சென்ற மாதம் திருகோணமலை வாசகர் ஒருவர் எழுதினார். அவர் ஊரில் பன்னிரண்டு ஓதுகிறார்களாம்; ஏழாவதைக் காணோமாம். மிகுந்த மரியாதையுடன் எழுதியிருந்தார். அதனாலேயே எரிச்சல் கூடிற்று. பெங்களூரு நீலசந்திராவில் உள்ள தமிழ் பௌத்தர்களின் கையெழுத்து நோட்டிலிருந்து வரிக்கு வரி படியெடுத்தவன் நான். மே 2, புத்த பௌர்ணமிக்குள் மறுபதிப்பு வர வேண்டும். பாடலை விட்டது நோட்டா, நானா? நோட்டுதான் என்று நிரூபிக்கவே நேற்று புறப்பட்டேன், மறைப்பானேன்.

12.35க்குக் கன்டோன்மென்ட் நிலையம் சேர வேண்டிய ரயில் 1.25க்குச் சேர்ந்தது. நீலசந்திரா ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் மீட்டரைத் துணியால் மூடி வைத்திருந்தார். “எண்பது குடுங்க சார். சனிக்கிழமை, ட்ராஃபிக் ஜாஸ்தி.” மீட்டருக்குக் கிழமை தெரியுமா என்று கேட்டேன். “மீட்டருக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியும்” என்றார். எண்பதே கொடுத்தேன்.

வழிபாட்டுக் கூடத்தின் செயலாளர் முனுசாமி, மருத்துவமனை வார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நோட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் புத்தர் சிலையைக் கை காட்டினார்.

“அது கீழ இருக்குங்க ஐயா. போன வருஷம் புதுச் சிலை வெச்சோம்ல. பழைய ஏட்டை அடியில வெச்சுத்தானே பீடம் கட்டணும்? மேல சிமெண்ட் போட்டு கிரானைட் ஒட்டியாச்சு.”

“படி எடுத்து வைத்தீர்களா?”

“உங்க புக்கே இருக்கே. அச்சுல வந்தாச்சு, அப்புறம் நோட்டு எதுக்கு?”

ஏட்டைச் சிலைக்கடியில் வைப்பது பழைய பௌத்த வழக்கம்தான். குறை சொல்ல வழியில்லை. இந்தச் சூத்திரங்கள் சில நூற்றாண்டுகள் வாயிலேயே வாழ்ந்து, பிறகு இலங்கையில் ஓலையில் ஏறியவை. நீலசந்திராவில் கிரானைட்டுக்கு அடியில் போய்விட்டன. இப்போது எத்தனை பாடல் ஓதுகிறீர்கள் என்று கேட்டேன்.

“பதினொண்ணு, புக்குல இருக்கறபடி. ராஜம்மா மட்டும் தகராறு பண்ணும். ஆறு முடிஞ்சா நாங்க ஒண்ணு சொல்வோம், அது வேற ஒண்ணு சொல்லும். அச்சடிச்ச பெரியவரை விட உனக்குத் தெரியுமான்னு கேட்டோம். ரெண்டு வருஷமா பௌர்ணமிக்கு வர்றதில்ல.”

ராஜம்மாவுக்கு ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில், ஒரு மருந்து ஆலையில் மாத்திரை அட்டை அடுக்கும் வேலை என்றார். 2.50க்குப் பேருந்து ஏறினேன். ஓசூர் சாலையில் மேம்பாலம் கட்டுகிறார்கள். சில்க் போர்டு சந்திப்பில் மட்டும் நாற்பது நிமிடம் நின்றோம். 4.55க்கு ஆலை வாசல். ஐந்து மணிக்கு ராஜம்மா வெளியே வந்தார்; காவலாளி கை காட்டினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய கம்பெனி பஸ் 5.20க்கு. என் பெயரைச் சொன்னேன்.

“நீங்கதான் அந்தப் புக்கு ஐயாவா? உங்களாலதான் நான் இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

ஏழாம் பாடலை மட்டும் சொல்லுமாறு கேட்டேன். நடுவிலிருந்து வராது, தனியாகவும் ஓதக் கூடாது, ஒருவர் தப்பினால் மற்றவர் பிடிக்க வேண்டும், அப்படித்தான் தம் அப்பா கற்றுக் கொடுத்தார் என்றார். ஆகவே டீக்கடை வாசலில், அறுபத்தெட்டு வயதில், முதலிலிருந்து சேர்ந்து ஓதினேன்.

“யக்கா, பூஜைன்னா அந்தாண்ட போங்க. கிளாஸ் வைக்க இடமில்ல” என்றார் கடைக்காரர்.

“நீ மொதல்ல டீயில சர்க்கரை போடு. அது போன வாரத்துலேர்ந்து பாக்கி” என்றார் ராஜம்மா. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். ஆறு முடிந்ததும் என் வாய் தானாக எட்டுக்குப் போயிற்று. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இதோ. இங்கதான் எல்லாரும் தாண்டுறீங்க.”

ஏழாவதை அவர் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறும்போது சொன்னார்: “பௌர்ணமிக்கு நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. தாண்டினவர் வாயாலதான் வரணும்.”

இரவு 11.10க்கு வீடு. இன்று காலை ஐந்து மணிக்கு 1998ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். ஜூன் 14, ஞாயிறு: “ஆறாம் பாடல் வரை படியெடுத்தேன். 1.10, முனுசாமி வீட்டில் சாப்பாடு. 1.50, எட்டாம் பாடலிலிருந்து தொடர்ந்தேன்.” எட்டு என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பிறகு அச்சுக்குப் போகும்போது, எண்கள் ஒழுங்காக வர வேண்டும் என்று ஒன்று முதல் பதினொன்று வரை திருத்தியவனும் நானே.

கூடி ஓதுகையில் ஒருவர் தடுக்கினால் மற்றவர்கள் தாங்குவார்கள். நான் அச்சிட்டதால் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள். தடுக்காத ஒருவரை வெளியே அனுப்பினார்கள்.

போக விரும்புவோர்க்கு: ஓசூர் சாலையில் எந்தத் தூரத்துக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏட்டைப் பார்க்கப் போகுமுன் அது எதற்கு அடியில் இருக்கிறது என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். படியெடுக்கும்போது பாடலின் நடுவிலோ முடிவிலோ சாப்பிடப் போகாதீர்கள்.

இப்பதிவை முனுசாமிக்குக் கடிதமாகவும் நாளை அஞ்சலில் அனுப்புகிறேன். அதனுடன் வைப்பவை:

1. ராஜம்மா சொன்ன ஏழாம் பாடல், நாற்பது படிகள். கூடத்தில் உள்ள நாற்பது கையேடுகளிலும் ஒன்பதாம் பக்கத்தில் ஒட்டுவதற்கு.
2. 14.6.1998 நாட்குறிப்புப் பக்கத்தின் நகல்.
3. ஏப்ரல் 2, பங்குனிப் பௌர்ணமிக்கு நான் வரும் ரயிலின் நேரம். அன்று ராஜம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.
4. வெற்றுத் தாள் துண்டுகள், நாற்பது. இரண்டாம் பக்கத்தில் “மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது” என்னும் வரியின் மேல் ஒட்டுவதற்கு.