ஐஸ் மீனும் ஒரு கமெண்ட்டும்

பிரவுசிங் சென்டர் ஏசிக்கு என்று ஒரு வாசனை உண்டு. ஈரக் கார்ப்பெட்டும் ஊதுபத்தியும் கலந்த மாதிரி... அதோடு என் மீன் கூடை வாசனையும் போய்ச் சேர்ந்தால், உள்ளே இருக்கிற காலேஜ் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள்.

"யக்கோவ், கூடைய வெளிய வச்சுட்டு வா. கம்ப்யூட்டருக்கே தும்மல் வருது" என்பார் ஓனர்.

திருக்கழுக்குன்றத்தில் இருந்தது அந்த சென்டர். என் மகள் கனகா அங்கே வேலை பார்த்தாள். ரெண்டாயிரத்து எட்டோ, ஒன்பதோ... எல்லார் கையிலும் பட்டன் போன் இருந்த காலம்.

சதுரங்கப்பட்டினம் கரையில் மீன் எடுத்து, அணுமின் நிலைய டவுன்ஷிப் பக்கம் விற்றுவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து அவளுக்குச் சோறு கொண்டு போவேன். சாப்பிட்டுக்கொண்டே, இன்டர்நெட்டில் தான் எழுதுகிற பிளாக்கைக் காட்டுவாள். மீன் கழுவுவது, குழம்பு கூட்டுவது, எந்த மீனுக்கு எவ்வளவு புளி... எல்லாம் எங்கள் வீட்டுச் சமாச்சாரம்.

"எவ படிக்கிறா இத்த?"

"பன்னெண்டு பேரு வராங்கம்மா. சிங்கப்பூர்லந்து ஒருத்தரு, கோயமுத்தூர்லந்து ஒரு அக்கா..."

பன்னிரண்டே பேர். ஆனால் எல்லாரும் "கனகா அவர்களே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிளஸ் டூவில் தவறிப்போன பெண் அவள். தெருவில் "மீன்காரி பொண்ணு", அவ்வளவுதான் பேர். அந்த "அவர்களே"யைப் படித்துக் காட்டும்போது அவள் முகம் இருக்கிறதே... இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நல்ல மீன் பார்த்து வாங்குவது எப்படி என்று எழுதப் போகிறேன், போட்டோவுக்கு ஒரு வஞ்சிரம் கொண்டு வா என்றாள் ஒரு நாள். அன்றைக்கென்று பார்த்துக் கடல் சரியில்லை. படகே இறங்கவில்லை. என்னிடம் இருந்தது காசிமேட்டிலிருந்து வந்த, நாலு நாள் பழசான ஐஸ் மீன். படத்தில் எவளுக்குத் தெரியப் போகிறது என்று அதையே கழுவித் துடைத்து நீட்டினேன். அவள் செவுளைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த மீன் ஆச்சே.

ரெண்டு நாள் கழித்து ஒரு கமெண்ட் வந்தது.

"கனகா அவர்களே, கண் தெளிவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் உள்ள மீனின் கண் குழிந்து கிடக்கிறதே. ஐஸ் மீனோ?"

மீன் விற்கிற எங்களுக்கு ஒரு வழக்கம். மீன் பழசு என்று ஒருத்தி வாயைத் திறந்தால், அது நிஜமோ பொய்யோ, அவளைவிட உரக்கக் கத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றி நிற்கிற நாலு பேரும் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

"நான் சொல்றத அப்டியே பதிலா எழுதுடி கனகா... இன்னா தெரியும் உனுக்கு? உன் கண்ணுதான் குழிஞ்சு கீது. மீன கடல்ல பாத்துகிறியா, இல்ல டப்பால பாத்துகிறியா? வாங்கத் துப்பில்ல, வாய் மட்டும் இன்னாத்துக்கு?"

"இப்டிலாம் எழுதக்கூடாதும்மா."

"அப்போ உன் அம்மா குட்த்த மீன் பழசுன்றியா?"

சொன்னது சொன்னபடி டைப் அடித்துப் போட்டுவிட்டாள்.

மார்க்கெட்டில் கத்தியது காற்றோடு போய்விடும். மறுநாள் அதே அம்மா வந்து என்னிடமே வாங்குவாள். இங்கே அது போகவில்லை. அப்படியே நின்றது. வந்தவர்கள் எல்லாம் படித்தார்கள், போனார்கள். ஒரு வாரம் ஒரு கமெண்ட் இல்லை. சிங்கப்பூர்க்காரர் இல்லை, கோயமுத்தூர் அக்கா இல்லை.

"பிளாக்க மூடிடலாம்னு கீறேம்மா... யாரும் வர்ல" என்றாள், சோற்றைப் பிசைந்தபடி. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

சோற்றுத் தூக்கைத் தள்ளி வைத்தேன்.

"கனகா... அது ஐஸ் மீனுதான்டி."

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"குந்து. நீயே எழுது."

அஞ்சாவதோடு ஸ்லேட்டைக் கீழே வைத்த கை. அவள் ஒவ்வொரு கட்டையாகக் காட்டக் காட்ட, ஒற்றை விரலால் அமுக்கினேன். ஏசியிலும் வேர்த்தது.

"ஐஸ் மீன்தான். நான் கனகாவின் அம்மா, மீன்காரி. திட்டியதும் பொய் சொன்னதும் நான். கனகாவுக்குத் தெரியாது."

மறுநாளே, மீன் கண்ணைப் பற்றிக் கேட்டவரிடமிருந்து பதில் வந்தது. "நான் தூத்துக்குடிக்காரி. எனக்கா மீன் தெரியாது? இருக்கட்டும் அம்மா. உங்கள் கரையில் படகு மீன் எத்தனை மணிக்கு வரும்?"

தமிழரசி என்று பேர். புருஷன் வேலைக்காக டவுன்ஷிப்பில் குடியிருந்தவர். அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம். வாரமெல்லாம் ஊர்ப்பட்ட பிளாக்குகளைப் படித்து, நல்லதாக அஞ்சு பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வரி எழுதி, ஞாயிற்றுக்கிழமை தன் பிளாக்கில் போடுவார். எங்கள் தொழிலில் அதற்குக் கூறு கட்டுவது என்று பேர். வலையில் வந்ததை அப்படியே கொட்டினால் எவளும் நிற்க மாட்டாள். நெத்திலி தனி, சங்கரா தனி என்று பிரித்து வைத்தால்தான் குனிந்து பார்ப்பாள்.

அந்த ஞாயிறு நாங்களும் ஒரு கூறு. "ஐஸ் மீனை ஐஸ் மீன் என்று சொல்லும் மீன்காரம்மா இங்கே இருக்கிறார். தைரியமாகக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார்.

கேட்டார்களே! துபாய், மதுரை, இந்தப் பக்கம் அச்சரப்பாக்கம்... கனகா ஒருத்தரையும் விடாமல் பதில் எழுதினாள். கேட்டதற்குப் பதில், கூடவே கொசுறாக ஒரு குறிப்பு. கூடையில் நான் ரெண்டு நெத்திலி சேர்த்துப் போடுவேனே, அந்த மாதிரி. கொசுறுக்காகவே திரும்பி வந்தவர்கள் உண்டு. சிங்கப்பூர்க்காரரும் வந்தார். அம்மா திட்டுவாங்களோ என்று பயந்து ஒதுங்கியிருந்தாராம்!

ஒரு காலை என் கூடை முன்னால் ஒருவர் உட்கார்ந்து செவுளைத் தூக்கினார்.

"இன்னைக்காவது கண்ணு தெளிவா இருக்காம்மா?"

"யாரு கண்ணு... மீனுதா, உங்குளுதா?" என்றேன். தமிழரசி அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடைக்காரியே எட்டிப் பார்த்தாள்.

இப்போது கனகா மகள், என் பேத்தி, மீன் வெட்டுகிற வீடியோ போடுகிறாள். என்ன கை வேகம் என்கிறீர்கள்! ஹார்ட் வந்து குவிகிறது. யாரெல்லாம் என்று கேட்டால், "தெர்லயே ஆயா" என்கிறாள். எனக்கு அந்தப் பன்னிரண்டு பேரின் பேரும் இன்னும் மனப்பாடம்.

நேற்று அந்தப் பழைய பிளாக்கைத் தேடி எடுத்துக் காட்டினாள். எல்லாம் அப்படியே இருக்கிறது... கண் குழிந்த வஞ்சிரம், அதற்குக் கீழே என் திட்டு, அதற்கும் கீழே நான் ஒற்றை விரலால் அடித்தது.

"ஆயா, இந்தத் திட்ட மட்டும் அம்மாகிட்ட சொல்லி எடுத்துரச் சொல்லவா? அசிங்கமா கீது."

"வுடுடி. அது இல்லன்னா, கீழ நான் எழுதனது இன்னாத்துக்குன்னு எவனுக்குத் தெரியும்?"