நாலரை அடிக் கைடு

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரிக்குப் போகும் ரோட்டை ஒட்டி லோகநாதனின் தச்சுப்பட்டறை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பதினோரு அடி அகலம், பதினாறு அடி நீளம். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். அளவு சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்த்ததைவிட வாசற்காலைப் பார்த்ததுதான் அதிகம். காப்பி தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே, "வாசக்கால் ரெண்டு நூல் சாஞ்சிகினு கீது" என்று வருங்கால மாமனாரிடம் சொன்னார். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அந்த இரண்டு நூலுக்காக மாமனார் அவரை ஆறு மாதம் மன்னிக்கவில்லை. பெண் மட்டும் உள்ளே சிரித்துவிட்டாள்.

அந்தப் பெண்தான் பேபி. இப்போது வயது முப்பத்தைந்து. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் தெருவில் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் பேபிதான்.

லோகநாதன் தொழில் படித்தது பல்லாவரத்தில், பள்ளிக்கூட பெஞ்சுகள் மட்டுமே செய்யும் ஒரு பட்டறையில். ஒன்பது வருஷம் ஒரே அகலப் பலகையை அறுத்து அறுத்து, உலகத்தில் மரமே அந்த அகலத்தில்தான் வளர்கிறது என்று நம்புகிற நிலைக்கு வந்துவிட்டார். கல்யாணம் ஆனதும், எண்பத்து நாலில், சொந்தமாகப் பட்டறை போட்டார். சேலையூரிலும் செம்பாக்கத்திலும் வயல்கள் மனைகளாக மாறிக்கொண்டிருந்த காலம். கதவும் ஜன்னலும் செய்து கொடுத்தே பிழைப்பு ஓடியது. பிறகு பிளைவுட் வந்தது. எட்டடி நீளம், நாலடி அகலம். பெஞ்சுப் பலகை பழகிய மனிதருக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஒரு பழைய மோட்டாரை வாங்கி, இரும்பு மேஜை செய்து, நடுவில் வட்ட ரம்பம் பொருத்திக்கொண்டார். ஆனால் கைடு இல்லை. மரத்தை ரம்பத்துக்குள் தள்ளும்போது அது கோணாமல் போக, பக்கத்தில் ஒரு சட்டம் அணைப்பாக நிற்க வேண்டும். அதைத்தான் பட்டறைக்காரர்கள் கைடு என்பார்கள். அது இரும்புத் தண்டவாளத்தின் மேல் இப்படியும் அப்படியும் நகரும். தண்டவாளம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் ரம்பத்தை விட்டு விலகிப் போகும். லோகநாதனிடம் இருந்ததோ ஒரு ரீப்பர் கட்டையும் இரண்டு கிளாம்புகளும்தான். அந்தக் கட்டை சில நாள் சொன்ன பேச்சு கேட்கும், சில நாள் கேட்காது.

கேட்காத ஒரு நாளில்தான் ஸ்ரீநிவாசராகவன் வீட்டு அலமாரிக் கதவுகள் வெட்டப்பட்டன. ஸ்ரீநிவாசராகவன் பாங்கில் வேலை பார்ப்பவர், பொறுமைசாலி. இரண்டு கதவுக்கும் நடுவே மேலே சந்து இல்லை, கீழே மட்டும் சுண்டுவிரல் நுழைந்தது. அவர் திட்டவில்லை. லோகநாதன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே கூப்பிட்டு, அந்தச் சந்தில் விரலை நுழைத்துக் காட்டி, "பாருங்கோ, நன்னாப் போறது" என்பார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். அடுத்த வேலையை மேடவாக்கத்துச் சம்பந்தத்திடம் கொடுத்துவிட்டார். சம்பந்தத்தின் மிஷினில் நாலரை அடிக் கைடு இருந்தது.

அன்றைக்கு லோகநாதன் முடிவு செய்தார். வைத்தால் நாலரை அடி, இல்லாவிட்டால் தொழிலே வேண்டாம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். பட்டறையின் வலது பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலடியில் பேபியின் தையல் மிஷின். ரம்பம் ஓடும் நேரத்தில் ஒரு பழைய போர்வையைத் திரையாக இழுத்து விட்டுக்கொள்வாள். அப்படியும் தேக்குத்தூள் பட்ட ரவிக்கைகள் அரிக்கின்றன என்று புகார் வரும். "தேக்கு வாசனைக்குத் தனியா காசு கேக்கல, சந்தோசப்படுங்க" என்று அனுப்பி வைப்பாள். அந்த ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று துணி கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதும் தெரிந்தது. பேபிக்கு அது மூன்றும் வேண்டும். ரம்பத்துக்கு வலது பக்கம் நாலரை அடித் தண்டவாளம் வந்தால் அதன் முனைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஒரே ஒரு அடிதான் மிஞ்சும். இரண்டரை அடி என்றால் மூன்று அடி மிஞ்சும்.

"உள்ள ரூம்ல போட்டுக்கயேன்" என்றார் லோகநாதன், முகத்தைப் பார்க்காமல்.

"உள்ள இன்னா கீது? பகல்லயே லைட்டு போடணும். ஊசில நூலுக்குப் பதிலா விரலைத்தான் கோக்கணும்."

"ஒரு அடி எடம் இருக்குது இல்ல?"

"ஒரு அடில பூனை தைக்கும். நான் தைக்க முடியாது."

இடம் எப்படி இருக்கும் என்று காட்ட, லோகநாதன் நாலரை அடி மூங்கில் கழி ஒன்றை வெட்டி, தண்டவாளம் வரப்போகும் இடத்தில் கட்டி வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அதில் ஆறு ரவிக்கைகளும் ஒரு பாவாடையும் தொங்கிக்கொண்டிருந்தன.

"நல்லா கீதுங்க இது. இதையே வெச்சிடலாம்" என்றாள் பேபி.

அவர் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகத் தாம்பரத்தில் பாட்சாவின் லேத்துக்குப் போனார். பாட்சா இரும்பில் எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பவர். அங்கே நின்றிருந்த நாலு பேர் காதில் விழும்படி, "பாய், நாலரை அடிக் கைடு. சம்பந்தம் கிட்ட கீறதைவிட ஒரு இஞ்ச் கூடவே போடு" என்றார்.

"போட்டுடலாம். வியாழக்கெழமை காலைல அறுத்துடுவேன் லோகு. அதுக்குள்ள மனசு மாறினா வந்து சொல்லு. அறுத்த பின்ன வந்து அழுவாத."

"மாறாது பாய்."

வீட்டில் பேபி இரண்டு நாள் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது பட்டறைக்கு நல்லதல்ல. வழக்கமாக, "மோட்டார் சூடு ஏறுது பாருங்க" என்று சொல்வதே அவள்தான். புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. ரம்பம் நின்றது. லோகநாதன் பலகைகளின் மேல் உட்கார்ந்தார். பேபி வந்து ரம்ப மேஜையைத் துடைத்துவிட்டு, அதன் மேல் துணியை விரித்தாள். கரண்ட் இல்லாதபோது துணி வெட்டுவதற்கு அவளுக்கு அந்த மேஜைதான். நாலு முழத் துணி. டேப்பை வைத்து, வலது கரையிலிருந்து ஒரு கோடு, பிறகு சுற்றி வந்து இடது கரையிலிருந்து ஒரு கோடு.

பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. "ஒரே பக்கத்துல இருந்து அளக்க மாட்டியா? எதுக்கு அங்கயும் இங்கயும் ஓடுற?"

"எந்தக் கரை கிட்ட கீதோ அதுல இருந்துதான் அளப்பாங்க. தூரத்துல இருந்து டேப்பை இழுத்தா துணி நகருமா நகராதா?" என்றாள். பேசாமல் இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ஆரம்பித்துவிட்டாள், இனி நிறுத்த முடியாது. "நானும் கேக்கறேன். உங்க பிளைவுட் எத்தினி அகலம்?"

"நாலடி."

"அதுல மூணடி துண்டு வேணும். கைடை எங்க வெப்பீங்க?"

"மூணடில."

"மீதி?"

"ஒரு அடி."

"அப்ப அந்த ஒரு அடில வெச்சுத் தள்ளுங்களேன். ரம்பம் அதே எடத்துலதான வெட்டும்?"

லோகநாதன் மனசுக்குள் நாலடிப் பலகையை நிறுத்தி, எங்கெங்கோ வெட்டிப் பார்த்தார். எப்படி வெட்டினாலும் ஒரு துண்டு இரண்டடிக்குள்தான் வந்தது. சரிபாதியாக வெட்டினாலும் இரண்டடிதான், அதற்கு மேல் போகவே மாட்டேன் என்றது.

ஆனால் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவாரா?

"சீட்டு கரெக்டா நாலடி இருக்காது. ஒரு நூல் கூட இருக்கும், ரெண்டு நூல் கொறையும்."

"அளந்து பாருங்க. அளக்கறதுன்னா உங்களுக்குக் கசக்குதா இன்னா?"

"ரம்பம் ஒரு நூல் தின்னும்."

"நான் தையலுக்கு அரை இஞ்ச் வுடறேனே, அந்த மாதிரி கழிச்சுக்கங்க."

"எட்டடி சீட்டைக் குறுக்க வெட்டணும்னா?"

"முழு சீட்டை என்னிக்கு மேஜை மேல குறுக்க வெச்சீங்க? கைரம்பத்தால மொதல்ல ரெண்டா அறுத்துட்டுதான தூக்கறீங்க?"

கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. அதற்கு மேல் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்காது என்பதில் லோகநாதனுக்கு நிம்மதி.

வியாழக்கிழமை விடியற்காலையிலேயே சைக்கிள் தாம்பரத்தில் நின்றது. வழி முழுக்க அவர் யோசித்தது கைடைப் பற்றியல்ல. அந்த நாலு பேர் இன்றைக்கும் அங்கே நின்றிருப்பார்களோ என்பதுதான். நின்றிருந்தார்கள். பாட்சா இரும்பை வைஸில் பிடித்துவிட்டு, ஹாக்ஸா பிளேடை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், ரெண்டரை."

"இன்னாது?"

"ரெண்டரை அடி."

"இன்னாபா, ரெண்டு நாள்ல ரெண்டடி கொறஞ்சுட்ட? சம்பந்தம் இன்னா ஆனான்?"

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அளவில் தவறு கண்டுபிடித்தது தாமே என்று சொல்ல லோகநாதனிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. ரோட்டிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ஆனால் பாட்சாவின் முகத்தைப் பார்த்ததும் மூன்றும் ஓடிவிட்டன.

"எங்க டெய்லர் சொன்னாங்க பாய். நாலடி சீட்டுக்கு அதுவே போதும்னு" என்றார். பிறகு சாக்கட்டியை வாங்கி, தரையில் பலகையை வரைந்து, எங்கே வெட்டினாலும் ஒரு பக்கம் இரண்டடிக்குள் அடங்குவதை நாலு பேருக்கும் காட்டினார். பாட்சா குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப சம்பந்தம் அந்த ரெண்டடியை எதுக்கு வெச்சிகினு கீறான்?" என்று கேட்டார்.

"துணி காயப்போட வசதியா இருக்கும் பாய்."

கைடு வந்து பொருந்திய அன்றே ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்குப் புதுக் கதவு வெட்டினார், அவர் கேட்காமலே. ஒன்றே முக்கால் அடியில் கைடை நிறுத்தி, பலகையைத் தள்ள ஆரம்பித்ததும், பெரிய துண்டு மேஜைக்கு இடது பக்கம் தொங்கியது. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. லோகநாதன் தள்ளவும் முடியாமல், விடவும் முடியாமல் அப்படியே நின்றார்.

பேபி திரையை விலக்கிக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். பலகை கோணாமல் போய் முடிந்தது. அவர் ரம்பத்தை நிறுத்தினார்.

"எடத்தை வுட மாட்டேன்னு அவ்ளோ சண்டை போட்ட? இப்ப இன்னா எழுந்து வந்துட்ட?"

"எடம் என்னுது" என்றாள் பேபி, புடவையில் ஒட்டிய தூளைத் தட்டியபடி. "நான் எங்க வேணா நிப்பேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பெண் துணிப்பையோடு நின்று, "பேபிக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.