கட்டுப் பிரிக்கும் அறையில் ஒரு திட்டுப்பாட்டு

என் அண்ணி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்றதும் கேட்பவர் முகம் மலரும். "டாக்டரா, நர்ஸா?" என்பார்கள். பாடுகிறார் என்றதும் மலர்ந்த முகம் வந்த வழியே திரும்பிவிடும். எங்கள் அம்மா இந்த இக்கட்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். "மருமக டாக்டருங்களுக்குப் பக்கத்துலதான் இருக்கா" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஊசி போடும்போதும் தையல் பிரிக்கும்போதும் குழந்தைகளின் பயமும் வலியும் தணிய இசையோடு துணை நிற்பது அவர் வேலை. அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர். ஆனால் தோளில் கிடார் தொங்கும்போது பட்டம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வாசல் காவலாளி வெகுநாள் வரை, "கல்யாண மண்டபம் அடுத்த தெரும்மா" என்று அன்போடு வழி சொல்லி அனுப்பப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த ஐந்து வயது மகாராணி வந்தாள். வெந்நீர் கொட்டி வலது கை வெந்திருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்து மறுபடி கட்ட வேண்டும். வலி மருந்து கொடுத்த பிறகும் கையை யாரிடமும் நீட்ட மாட்டாள். அலறலில் மாடியே அதிரும்.

அண்ணி களத்தில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் வழுக்கியும் விழுந்தார். தாய் தினமும் பாடித் தூங்கவைக்கும் தாலாட்டைக் கேட்டறிந்து, கட்டுப் பிரிக்கையில் அதையே வாசித்தார். வலிக்கிற இடத்தில் குழந்தையின் செல்லப் பாட்டைத் தொடக் கூடாது என்பது படிப்பிலேயே அழுத்திச் சொன்ன விஷயம். தாயின் முகத்தைப் பார்த்ததும் அண்ணிக்கு அது மறந்துபோயிற்று. அன்று தூங்கவைக்கத் தாய் பாட்டை எடுத்த உடனே, குழந்தை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வீறிட்டாள்.

"கையும் போச்சு, இப்ப தூக்கமும் போச்சும்மா" என்றாள் தாய்.

சர்ஜன் தன் பங்குக்கு, "அடுத்த தடவையும் இப்படின்னா மயக்க மருந்துதான். ஒவ்வொரு தடவையும் பட்டினி போட்டு மயக்கித்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மா கேட்டார்: "என்ன, பாட்டு எடுபடலையா?"

"எடுபட்டுச்சு அத்தை. தப்பான பக்கமா எடுபட்டுச்சு."

அடுத்த தடவை அண்ணி எந்தப் பாட்டும் கொண்டுபோகவில்லை. குழந்தை அவரைக் கண்டதுமே கத்தினாள்: "போ! கழுதை!"

அதே வேகத்தில் கிடாரைத் தட்டி, "போ போ கழுதை" என்று அண்ணி பாடினார்.

அலறல் திகைத்து நின்றது. "உன்னைத் திட்டினா பாடுவியா?"

"நீ சொல்றதைத்தான் பாடுவேன். நீ இடது கையைத் தூக்கினா பாட்டும் நிக்கும், நர்ஸ் கையும் நிக்கும். சரி, வேற யாரு கழுதை?"

"அவங்க பூதம்!" என்று நர்ஸைக் காட்டினாள். உடனே சோதனைக்காக இடது கையைத் தூக்கினாள். பூதம் சிலையாய் உறைந்தது. மகாராணிக்குப் பரம திருப்தி.

ஆட்சி தொடங்கியது. ஜன்னல், பஞ்சு, கத்தரிக்கோல், ஒருவர் பாக்கியில்லாமல் திட்டு வாங்கினார்கள். அலறலின் வேகத்தில் ஓடிய கிடாரை அண்ணி கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கினார். குழந்தையின் மூச்சும் கூடவே இறங்கி வந்தது. வலிக்காமல் இல்லை. அழுதாள், ஆனால் தாளம் தப்பாமல் அழுதாள்.

மயக்க மருந்துக்கு நாள் குறிக்க சர்ஜன் உள்ளே வந்தார்.

"மொட்டத் தலையா! நீயும் பாடு!"

அவர் குழந்தையின் கையைப் பார்த்தார். புதுக் கட்டு விழுந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டுத் தன் தலையைப் பற்றித் தானே பாடினார். சுருதிக்கும் அவருக்கும் பரம்பரைப் பகை. பாடி முடித்து, "மயக்க மருந்து வேண்டாம்" என்றார்.

அந்தப் பாட்டு அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது அண்ணி போட்ட சட்டம். லிஃப்டில் அதை முணுமுணுத்த சர்ஜனே வாங்கிக் கட்டிக்கொண்டார். தாலாட்டைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைக்கும்படி தாயிடமும் அண்ணி சொல்லியிருந்தார்.

புண் ஆறி வீடு போன பிறகு தாய் அண்ணிக்குப் போன் செய்தாள். "இன்னிக்குத்தான் பாடிப் பாத்தேம்மா. பாதியிலேயே தூங்கிட்டா."

பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்ட எங்கள் அம்மா, அன்றே தன் வாசகத்தை மாற்றிக்கொண்டார். இப்போது யாராவது மருமகளுக்கு என்ன வேலை என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்:

"டாக்டருங்களைப் பாட வைக்கிறா."