தெப்ராவில் கோலத்துக்குத் தீர்ப்பு

கோலாலம்பூரில் காலை எட்டரைக்குப் புறப்பட்ட பஸ், ஒரு மணிக்கு ஜொகூர் பாருவின் லார்கின் நிலையத்தில் இறக்கிவிட்டது. 330 கிலோமீட்டர், 35 ரிங்கிட். அங்கிருந்து தெப்ராவ் பத்து கிலோமீட்டர். வாடகைக் காருக்குப் பதினாறு ரிங்கிட். நான் மதுரை என்றதும் ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்தார்.

"இந்தியாலேர்ந்தா? தீபாவளிக் கோலப் போட்டிக்கு உங்களத்தான் ஜட்ஜா போடுவாங்க, பாருங்க."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இறங்கினால் அதுவேதான்.

மணி 1.45. என் சித்தப்பா மகன் கணேசன் அண்ணன் அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். பெட்டியோடு என்னை மண்டபத்துக்குள் இழுத்துப் போனார். தரையெங்கும் சாயமேற்றிய அரிசியில் கோலங்கள். மாவுக்கோலத்திலேயே பழகிய எனக்கு முதலில் மளிகைக் கடைக்குள் நுழைந்தது போலத்தான் இருந்தது. குத்துவிளக்கு, மயில், தாமரை. கடைசிக் கோலத்தில் மட்டும் மோட்டார் சைக்கிள்கள். விடியலில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கடற்பாலத்தில் முண்டியடிக்கும் வரிசை. போட்டவர் கலா. பத்து வருஷமாக அந்த வரிசையில் நிற்கிறவர். காலை ஏழு மணியிலிருந்து குனிந்தே இருந்தாராம்.

"இது கோலம் இல்லம்மா, போஸ்டர். போட்டியில சேர்க்க முடியாது," என்றார் அண்ணன்.

"பரிசு வேணாண்ணே. ஆனா கோலமே இல்லன்னு சொல்லாதீங்க," என்றார் கலா.

அண்ணன் மலேசிய 'லா'வோடு என்னிடம் திரும்பினார். "நீ ஊர்லேர்ந்து வந்தவ லா. நீயே சொல்லு."

முப்பது வருஷமாக வாசலில் கோலம் போடுகிறேன், பால்காரர்கூட நின்று பார்த்ததில்லை. இங்கே ஒருத்தி பட்ட பாட்டுக்குத் தீர்ப்பு என் வாயில் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் எங்கள் தெருவில் நடப்பதைச் சொன்னேன்.

"மார்கழியில ஹெல்மெட் போடச் சொல்லிக் கோலம் போடுறாங்க. ஓட்டுப் போடச் சொல்லியும் போடுறாங்க. கொரோனா வருஷம் பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கிருமியவே போட்டா. இது கோலமான்னு ஒருத்தரும் கேக்கலண்ணே."

"ஊர்லயேவா?" அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. ஊர்க்காரங்க பார்த்தா சிரிப்பாங்களேன்னு பயந்துட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. ஊரில் இல்லாத சட்டத்துக்கு இத்தனை வருஷம் இங்கே காவல் இருந்திருக்கிறார், பாவம். கலாவின் கோலத்தையும் போட்டியில் சேர்த்தோம். முதல் பரிசு மயிலுக்குத்தான் போனது. கலா அதற்கும் சந்தோஷமாகக் கைதட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கிளம்பும்போது கலா கார் வரை வந்தார்.

"அக்கா, அடுத்த வருஷம் எங்க கம்பெனி கேன்டீனப் போடலாம்னு இருக்கேன். போடலாந்தானே?"

"மதுரையில நான் யாரையும் கேட்டுப் போட்டதில்ல, கலா," என்றேன்.